லாராவும் கேமராவும்

1997-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்த 'டூம் ரெய்டர்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தை, சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி, வெனிஸ் நகரத்துக் கால்வாய்களையும், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பலையும், திபெத்தின் பனிமலைகளையும் கடந்து, கடைசியில் கதாநாயகியின் சொந்த மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்ட முரடர் கும்பலையும் சுட்டு வீழ்த்தி, பல இரவுகளின் தூக்கத்தைத் தொலைத்து முடித்த ஆட்டக்காரருக்கு, அதைச் சிருஷ்டித்தவர்கள் சன்மானமாக வைத்திருந்தது ஒரு சின்னஞ்சிறு காட்சி. லாரா கிராஃப்ட் குளிக்கப் போகிறாள். மேலங்கியோடு ஸ்நான அறையில் நிற்கிறாள்; கை அங்கியின் முடிச்சுக்குப் போகிறது; கேமராவின் ஸ்தானத்தில் நின்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திடீரென்று அவள் தலையைத் திருப்பி, நம்மை நேருக்கு நேர் நோக்கி, பார்த்தவரை போதாதா என்ற தோரணையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்து நம்மையே சுட்டுவிடுகிறாள். திரை இருண்டுவிடுகிறது.

இதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கோ, வீடியோ கேம் உலகத்தில் முப்பது வருஷங்களாக ஓயாமல் நடந்துவரும் ஒரு வழக்கின் வாதி, பிரதிவாதி இருவருடைய கட்சியும் இந்தச் சில விநாடிகளுக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. ஸ்நான அறையின் வாசல் வரை ஆட்டக்காரரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்கள் யாரோ, அவர்களேதான் அவரைக் கன்னத்தில் அறைந்து வெளியே அனுப்புகிறார்கள். தன் மானத்தைத் தானே காத்துக்கொள்ளும் வீராங்கனை இவள் என்று ஒரு கட்சி சொல்லும். காத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, அதையும் ஒரு காட்சியாக்கி விற்றவர்கள் யார் என்று மறு கட்சி கேட்கும். இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

லாரா பிறந்தது, இங்கிலாந்தின் நடுப்பகுதியில், விமான எஞ்சின்களுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் பெயர் போன டெர்பி நகரத்தில். அங்கே 'கோர் டிசைன்' என்ற நிறுவனத்தில், விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே கொண்ட குழுவில் இருந்த டோபி கார்ட் என்ற இளைஞர், புராதனக் கல்லறைகளுக்குள் புகுந்து பொக்கிஷம் தேடும் சாகசப் பாத்திரத்தை முதலில் ஆண்பிள்ளையாகத்தான் வரைந்தார். இந்தியானா ஜோன்ஸ் சினிமாவின் நகல் போல இருக்கிறதே, வழக்கு வந்து சேருமே என்ற பயம் ஒரு பக்கம். 'வர்ச்சுவா ஃபைட்டர்' என்ற சண்டை விளையாட்டை ஆடிய இளைஞர்கள் அதிலிருந்த பெண் பாத்திரங்களையே விரும்பித் தேர்ந்தெடுத்ததைக் கார்ட் கவனித்திருந்தது மறுபக்கம். இரண்டும் சேர்ந்து அவனை அவளாக்கின. தென்னமெரிக்கப் பெண்ணாக, லோரா க்ரூஸ் என்ற நாமதேயத்தோடு அவதரித்தவள், விற்பனையாளர்களின் விருப்பத்துக்கு இணங்கி, பிரிட்டிஷ் பிரபு வம்சத்துச் சீமாட்டி லாரா கிராஃப்ட் ஆனாள். குழுவில் பெண்களும் இருந்தார்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: விளையாட்டின் தளங்களை அமைத்தவர்களில் ஹெதர் கிப்சன் ஒருவர், கதையை எழுதியவர் விக்கி அர்னால்ட்.

1996-இல் வெளிவந்த அந்த முதல் விளையாட்டை ஆடியவர்களுக்கு லாராவின் சரீரம் எவ்வாறு அறிமுகமாயிற்று என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், ஆடாமல் சுவரொட்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது விளங்காது. அந்த உலகம் முழுவதும் சமசதுரக் கட்டங்களால் கட்டப்பட்டது. நின்ற இடத்திலிருந்து தாண்டினால் லாரா ஒரு கட்டப் பள்ளத்தைக் கடப்பாள். ஓடிவந்து தாண்டினால் இரண்டு கட்டம். தாண்டும்போதே கையை நீட்டி எதிர் விளிம்பைப் பற்றிக்கொண்டால் மூன்று. பாதாளத்தின் ஓரம் வரை நடைப் பொத்தானை அழுத்தியபடி சென்றால் அவள் ஒருபோதும் விழமாட்டாள். அங்கிருந்து ஒரு தரம் பின்னுக்குக் குதித்தால் ஓடிவருவதற்குச் சரியாக ஒரு கட்டம் இடம் கிடைக்கும். இந்தக் கணக்கு விரல்களுக்குப் பழகிவிட்ட பிறகு, ஆட்டக்காரர் ஒரு குகைக்குள் நுழைந்ததும் அதன் அழகையோ பயங்கரத்தையோ பார்ப்பதற்கு முன்னால், இங்கே லாராவால் எங்கே எட்ட முடியும் என்றுதான் பார்ப்பார். உலகத்துக்கே அளவுகோல் அவள் உடம்பு. விளிம்பில் தொங்குகிறவளை, நடைப் பொத்தானை விடாமல் மேலே ஏற்றினால், அவள் சாதாரணமாக ஏறாமல், தலைகீழாகக் கைகளால் நின்று, நிதானமாகக் கால்களை இறக்கி எழுந்து நிற்பாள். அதனால் விளையாட்டில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பார்ப்பவர் எவரும் இல்லாத குகையில் தன் தேகத்தின் தேர்ச்சியில் தானே மகிழும் ஒருத்தியின் உல்லாசம் அது.

அதே சரீரத்தைத்தான் இன்னொரு விதமாகவும் செய்திருந்தார்கள். சில நூறு முக்கோணத் தகடுகளை ஒட்டி ஓர் ஆளை உருவாக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில், முகத்துக்கும் விரல்களுக்கும் கஞ்சத்தனமாகச் செலவழித்தவர்கள் மார்பகத்தை மட்டும் தாராளமாக வைத்தார்கள். அளவைக் கூட்டும்போது கைதவறி அதிகமாகிவிட்டது, அதைக் கண்ட சகாக்கள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று ஒரு கதை வெகுநாளாக உலவுகிறது. கைதவறியதைத் திருத்தக் கையில்லாமல் போனது எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. மற்றொரு விஷயம்: அவள் புகழ்பெற்ற நீண்ட பின்னல், முதல் விளையாட்டில் ஆட்டத்தின்போது கிடையாது, அதை அசைத்துக் காட்டும் சக்தி போதவில்லையென்று விட்டுவிட்டு, இரண்டாம் பாகத்தில்தான் சேர்த்தார்கள். எதற்குச் சக்தி போதவில்லை, எதற்குப் போதியது என்பதும் ஒரு தகவல்தானே?

ஆயினும், லாராவைப் போகப்பொருளாக்கியது டெர்பியில் அவளை வரைந்த மேஜை அல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். அது நடந்தது விளம்பர இலாகாவில். 1997-இல் 'தி ஃபேஸ்' என்ற லண்டன் நாகரிகப் பத்திரிகையின் அட்டையில் அவள் படம் வந்தது. அதே வருஷம் யூ-டூ சங்கீதக் குழுவின் உலகச் சுற்றுப்பயணத்தில் மேடையின் பிரம்மாண்டத் திரையில் அவள் தோன்றினாள். பிறகு லூகோஸேட் பானம் விற்கக் கிளம்பினாள். அவளைப் போலவே உடுத்திய நிஜப் பெண்களை மாடல்களாக அமர்த்தி, கண்காட்சிதோறும் ரசிகர்களோடு படம் பிடித்துக்கொள்ள நிறுத்தினார்கள். குகைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு தன் காரியத்தில் கண்ணாக இருந்தவள், சுவரொட்டியில் திரும்பி நின்று, உதட்டைக் குவித்து, இடுப்பை ஒடித்து, எதிரே நிற்பவனுக்காகக் காத்திருந்தாள். துப்பாக்கி கையில்தான் இருந்தது. ஆனால் அதற்குச் சுட வேண்டிய இலக்கு எதுவும் இல்லை.

கார்ட் இதைப் பொறுக்கவில்லை. எவர் கைக்கும் எட்டாத கௌரவம் உடையவளாக அவர் கற்பனை செய்த பெண்மீது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரமும் இல்லாமல் போயிற்று. 1997-லேயே, அமோகமாக விற்றுக்கொண்டிருந்த விளையாட்டையும் அதனால் வரக்கூடிய பெரும் பொருளையும் உதறிவிட்டு, பால் டக்ளஸ் என்ற சக நிபுணரோடு அவர் கோர் டிசைனை விட்டு வெளியேறினார். அதற்குள் வெளியாட்கள் சிலர், லாராவை நிர்வாணமாக்கும் சிறிய நிரலொன்றை எழுதி இணையத்தில் பரப்பியிருந்தார்கள். விளையாட்டை வெளியிட்ட ஐடோஸ் நிறுவனம் வெகுண்டெழுந்து, அதைப் பரப்பிய தளங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. 1999-இல், லாராவாக நடித்துக்கொண்டிருந்த மாடல் நெல் மக்ஆண்ட்ரூவின் படங்களை 'பிளேபாய்' வெளியிட்டபோது, தங்கள் கதாநாயகியின் பெயரை அந்தப் பத்திரிகை உபயோகிக்கக் கூடாதென்று நீதிமன்றத்துக்கும் போயிற்று. முக்கால் பாகம் தாங்களே திறந்து வைத்த கதவின் கால் பாகத்தை மற்றவர்கள் திறந்ததற்காக வந்த கோபம் அது.

இவ்விடத்தில் நம் புலவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேசாதிபாதமாகவும் பாதாதிகேசமாகவும் ஒரு தேகத்தை அங்கம் அங்கமாக வருணிப்பது நம் இலக்கியத்துக்குப் பழகிய சம்பிரதாயம். உலாப் பிரபந்தத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து ஸ்திரீகளும் வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்கொட்டாமல் பார்த்து மயங்குகிறார்கள். அந்த ஏழு பருவத்துப் பார்வையும் பட்டதால் தலைவனுடைய அதிகாரம் ஓர் அணுவும் குறைவதில்லை, கூடுகிறது. ஆகவே, சரீர சௌந்தரியத்தைக் காட்டுவதும் காண்பதும் தம்மளவிலே குற்றமல்ல. பார்க்கப்படுகிறவர் அதற்குப் பிறகு எஞ்சுகிறாரா, கரைந்துவிடுகிறாரா என்பதே கேள்வி. 1975-இல் லாரா மல்வி என்ற ஆங்கிலேய அறிஞர், சினிமாவில் கேமராவும் கதாநாயகனும் சபையோரும் ஒரே ஆண் கண்ணாகி ஸ்திரீயைப் பார்க்கும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1995-இல் அமெரிக்கத் தத்துவ ஆசிரியை மார்த்தா நுஸ்பாம், மனிதரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு லக்ஷணங்களை வகுத்து, அவற்றில் சில, பரஸ்பர மரியாதை உள்ள இடத்தில் தீங்கற்றவையாகவும் இருக்கலாம் என்று காட்டினார். வீடியோ கேமில் இந்தப் பிரச்னை இன்னும் சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில், இங்கே பார்ப்பவனே அவளாகவும் இருக்கிறான். அவள் விழுந்தால் அவன் ஆட்டம் முடிந்தது.

ஆண் பாத்திரங்களும் அப்படித்தானே, இன்னொரு பிரபல விளையாட்டின் நாயகன் கிரேட்டோஸ் என்ன சட்டை போட்டுக்கொண்டா சண்டை போடுகிறான் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு விடை உலாவிலேயே இருக்கிறது. கிரேட்டோஸின் திறந்த மார்பு, ஆடுகிற ஆண்பிள்ளை தானும் இப்படி இருக்கக் கூடாதா என்று ஆசைப்படுவதற்காக வைக்கப்பட்டது. அவனை எவனும் சுவரொட்டியில் இடுப்பை ஒடித்து நிற்கச் சொன்னதில்லை.

பெண் பாத்திரத்தைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் லாராவுக்கு முந்தியது. 1986-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'மெட்ராய்ட்' விளையாட்டில், தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் பூண்ட வீரன் ஒருவன் அந்நியக் கிரகத்தில் தனியாகப் போராடுகிறான் என்றே எல்லோரும் எண்ணினார்கள். விளையாட்டோடு வந்த ஆங்கிலக் கையேடும் அப்படியே எழுதியிருந்தது. போதிய வேகத்தில் முடித்தவர்களுக்கு மட்டும் கவசம் விலகி, சேமஸ் ஆரன் ஒரு பெண் என்ற அதிசயம் வெளிப்படும். எத்தனை பெரிய விஷயம்! எத்தனையோ சிறுமிகள் அந்த விநாடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதே விளையாட்டை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு அவள் பிகினியில் வந்து நின்றாள். சாமர்த்தியம் கூடக் கூட வஸ்திரம் குறைகிறது என்ற அந்த விகிதாசாரத்தை எவரோ உட்கார்ந்து நிரலாக எழுதியிருக்கிறார்.

காரணம் கற்பித்து ஆடையைக் குறைக்கும் வித்தைக்கு, 2015-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' ஐந்தாம் பாகத்தின் க்வயட்டைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைக்காது. பேசாத பெண் அவள். குறி தப்பாமல் சுடுபவள். யுத்தகளத்தில் பிகினி மேலாடையோடும் கிழிந்த காலுறையோடும் திரிபவள். வெளியீட்டுக்கு இரண்டு வருஷம் முன்னதாக, 2013-லேயே கண்டனம் எழுந்தபோது, அவளைப் படைத்த ஹிடியோ கோஜிமா, காரணம் தெரியும்போது உங்கள் வார்த்தைகளுக்காக நீங்களே வெட்கப்படுவீர்கள் என்றார். காரணமும் வந்தது: ஒட்டுண்ணிச் சிகிச்சையின் விளைவாக அவள் தோலினால் சுவாசிக்கிறாள், துணி போர்த்தினால் மூச்சு முட்டிவிடும். வியாஜம் எவ்வளவு அழகு! ஆனால் இதே தொடரின் 2004-ஆம் வருஷத்துப் பாகத்தில், சூரிய வெளிச்சத்தால் உயிர் பெறும் 'தி எண்ட்' என்ற கிழவர் ஒருவர் வருகிறார். அவரை ஒருவரும் பிகினியில் நிறுத்தவில்லை. க்வயட்டின் மேல் எனக்குள்ள ஆட்சேபம் தோலினால் சுவாசிப்பதைப் பற்றியதே அல்ல. ஹெலிகாப்டரில் வெறுமனே பயணம் செய்யும்போதும் அவள் உடம்பை முறுக்கிக் கேமராவுக்கு வாகாகக் கிடக்கிறாளே, அதற்கு எந்த ஒட்டுண்ணி காரணம்?

இதற்கு நேர் எதிராகப் பேயோனெட்டாவை நிறுத்துவார்கள். 2009-இல் ஹிடேகி காமியா இயக்கிய ஜப்பானிய விளையாட்டு அது. கதாநாயகியை வரைந்தவர் மாரி ஷிமஸாகி என்ற பெண். இந்த மாயக்காரியின் ஆடை அவளுடைய கூந்தலே. அந்தக் கூந்தலை ஏவி அரக்கர்களை வரவழைக்கும் கணத்தில் ஆடை உடம்பைவிட்டு அகலும். படைத்தவள் பெண் என்பதால் குற்றமில்லை என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பெண் வரைந்ததைப் பார்ப்பதற்குக் கேமராவை எங்கே வைப்பது என்று வேறொருவர் தீர்மானிக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேயோனெட்டா தான் பார்க்கப்படுவதை அறிந்தவள். அந்தப் பார்வையையே விளையாட்டுப் பொருளாக்கிச் சிரிப்பவள். கதையில் அவளை அடக்கவோ காப்பாற்றவோ எவனாலும் முடியாது. பெண் விமரிசகர்களே இவள் விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், அவள் பக்கம் அறுபது, கேமராவின் பக்கம் நாற்பது.

ஆடையைக் கூட்டிவிட்டால் தோஷம் தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களுக்குப் பாடமாக அமைந்தது, 2013-இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவை மறுபடியும் முதலிலிருந்து படைத்த கதை. அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டை வந்தது. அங்கங்கள் மானிட அளவுக்குத் திரும்பின. கதையை எழுதும் பொறுப்பு ரியானா பிராட்செட் என்ற எழுத்தாளரிடம் தரப்பட்டது. எல்லாம் சரிதான். ஆனால் முந்தின வருஷமே, விளையாட்டை முன்னோட்டம் காட்டிய நிர்வாகத் தயாரிப்பாளர், இந்த இளம் லாராவை ஆட்டக்காரர்கள் தாங்களாகப் பாவிக்கமாட்டார்கள், காப்பாற்ற விரும்புவார்கள் என்றும், அவளைப் பலாத்காரம் செய்ய ஒருவன் முயலும் கட்டம் வருகிறதென்றும் பேசி, பெரிய கண்டனத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அது எங்கள் கதையின் கருப்பொருள் அல்ல என்று நிறுவனம் அவசர அவசரமாக மறுத்தது. விளையாட்டோ, ஆட்டக்காரர் ஒரு கணம் தவறினால் போதும், ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் அவள் கழுத்தில் கம்பி பாய்ந்து துடிப்பதை வெகு சிரத்தையோடு காட்டியது. 1996-இன் லாரா விழுந்தால் ஒரு கத்தல், ஓர் எலும்பு முறியும் சப்தம், அவ்வளவுதான். உடுத்திவிட்ட பிறகு அவளுடைய வேதனையையே காட்சியாக்கினார்கள். அதே விளையாட்டின் பிற்பகுதியில், வில்லேந்தி மலையுச்சி ஏறும் லாரா அற்புதமானவள் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு பெண் எடுத்துச் சொன்னால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. 2012-இல் அனிட்டா சர்க்கீசியன், வீடியோ கேம்களில் ஸ்திரீ சித்திரிப்பைப் பற்றிய படத்தொடருக்காகப் பொதுமக்களிடம் 6,000 டாலர் கேட்டார். அவரை வசைபாடி விரட்டக் கிளம்பிய கூட்டத்தின் புண்ணியத்தில் 1,58,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த கூட்டம், வந்தால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற மிரட்டலால் ரத்தாயிற்று. பொம்மையின் உடையைக் குறித்த ஓர் அபிப்பிராயத்துக்கு இது கூலி.

மரியாதையாக நடந்த சம்பவமும் உண்டு. 2016-இல் 'ஓவர்வாட்ச்' விளையாட்டில் டிரேசர் என்ற துருதுருப்பான பெண், முதுகையும் பிருஷ்டத்தையும் காட்டித் தோள்மேல் திரும்பிப் பார்க்கும் ஒரு வெற்றித் தோரணையைக் கண்டு, இது அவள் சுபாவத்துக்கே பொருந்தவில்லையே, வெறும் கவர்ச்சிப் பொம்மையாகிவிடுகிறாளே என்று ரசிகர் ஒருவர் எழுதினார். விளையாட்டின் இயக்குநர் ஜெஃப் காப்லான் ஒப்புக்கொண்டு அதை மாற்றிவிட்டார். மாற்றாக வந்த தோரணையும் பழைய காலத்துக் கவர்ச்சிப் படம் ஒன்றைத் தழுவியதே. ஆனால் அதில் டிரேசரின் குறும்பு இருந்தது. எவ்வளவு தெரிகிறது என்பதல்ல, எவருக்காக நிற்கிறாள் என்பதே அளவு என்ற என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதே 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, 1983 முதல் 2014 வரை வந்த விளையாட்டுகளில், ஆடத்தக்க 571 பெண் பாத்திரங்களைப் பரிசீலித்து, கவர்ச்சிப்படுத்துவது தொண்ணூறுகளில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிவந்திருப்பதாகக் கண்டது. அப்படியே இறங்கிக்கொண்டேயிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஏப்ரலில் கொரியாவிலிருந்து வந்த 'ஸ்டெல்லார் பிளேட்', ஒரு மாடலின் உடலை முப்பரிமாணமாக அளந்து எடுத்து ஈவ் என்ற கதாநாயகியைச் செய்தது. வெளியான கையோடு அவளுடைய சில ஆடைகளில் கொஞ்சம் துணி கூடிவிட்டதென்று ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

அதே 2024-இல், பிப்ரவரி மாதம், லாராவின் முதல் மூன்று விளையாட்டுகளும் ரீமாஸ்டர் செய்யப்பட்டு வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய மெருகு. மறுபடி அழுத்தினால் 1996-இன் பழைய கூர்முனைச் சரீரம். தாண்டுவதற்கான கட்டக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: இனங்களையும் கலாசாரங்களையும் பற்றிய தப்பான சித்திரிப்புகள் இவற்றில் உள்ளன என்று நிறுவனம் ஒப்புக்கொள்கிறது. லாராவின் உடம்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. என் மட்டில், அது சரியான முடிவு. அந்தக் குகைகளுக்குள் தாவுகிறவள் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை அந்தச் சுவரொட்டிகள், அவற்றை எவரும் ரீமாஸ்டர் செய்யவில்லை.